நூற்றுப் பதினெட்டு

பிராலியில் ஜூன் மாதத்துப் பகல்
எந்த வேலைக்கும் உதவாது.
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில்
டெல்ஃபினா கராஜ் கதவை முழங்கால் உயரம் தூக்கிவைத்து
மூன்று மணிக்கே ஸ்பேனர் எடுப்பாள்.
நான் டார்ச் பிடிப்பவன்.
கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில்
எனக்குக் கிடைத்த பதவி அது.

வண்டிக்கு மூன்றே சக்கரம்.
எண்பத்தைந்தில் செய்தது, அவளைவிட இரண்டு வயது மூத்தது.
சட்டென்று கவிழும் என்று
செய்தவர்களே விற்பதை நிறுத்திய ஜாதி.
யூமாவில் வெண்டல் ஸ்ட்ரவுட் என்பவர்
முந்நூறு டாலருக்கும் எங்கள் பழைய ஃபிரிட்ஜுக்கும் கொடுத்தார்.
"மேடு ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றார்.
தன்னைப் பற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

மணல்மேட்டில் பாதிவரை பாடும்.
பிறகு இருமும், கறுப்பாய்ப் புகைவிடும்,
பின்னோக்கி நழுவும்.
டெல்ஃபினா காதுகொடுத்துக் கேட்டாள்.
"பெட்ரோல் வருது. காத்து வரல."
அவ்வளவுதான் விசாரணை.
சீட்டுக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியின் கழுத்தை
ஹாக்சாவால் அறுத்துவிட்டாள்.

அறுத்த வாய்க்குள் டார்ச் அடித்தேன்.
எலிக்கூடு.
சீட்டு ஸ்பஞ்சு, காய்ந்த குதிரைமசால் தண்டு,
ஏதோ மளிகை ரசீதின் ஒரு மூலை,
எல்லாம் சேர்த்துச் சுருட்டி
ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு தொட்டில்.
குடியிருந்தவர்கள் எப்போதோ காலிசெய்திருந்தார்கள்.

இரண்டு விரல் விட்டு எடுத்திருந்தால் போதும்.
அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரி, நாமளே மூக்கு வெச்சிடலாம்" என்றாள்.

லாரி ரேடியேட்டர் ஹோஸில் ஒரு சாண்.
மடங்காமல் வளைய அதற்குள் மணலை அடைத்து
கொதிநீரில் போட்டாள்.
எந்த மணல் உள்ளே போகக் கூடாதோ
அதே மணல்.
பிறகு பத்துத் தடவை கழுவினாள்.
இரண்டு கிளாம்ப், ஃபிரேமிலிருந்து ஒரு தகரப் பட்டை,
முனையில் கூம்பாய் ஒரு ஃபோம் ஃபில்டர்.
எண்ணெய் ஊற்றி அதைப் பிசைந்தாள்,
ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது.
அதன்மேல் ஒரு ஸ்டாக்கிங்ஸை வெட்டி மாட்டினாள்.
எங்கள் கல்யாணத்துக்கு வாங்கி
ஒரேயொரு நாள் போட்டது.
"இப்பதான் உபயோகப்படுது."
நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

கிக்கரை உதைத்ததும் தெருவே விழித்தது.
சத்தம்தான் வளர்ந்திருந்தது, பலம் இல்லை.
பிளக்கைக் கழற்றினால்
வெயிலில் கிடந்த எலும்புபோல் வெளுப்பு.
இப்போது காற்று தாராளம், பெட்ரோல் பஞ்சம்.
மெயின் ஜெட் என்பது
மூக்குத்தித் திருகாணி அளவுப் பித்தளை.
நடுவில் ஒரு துளை, அதற்கு ஒரு எண்.
நூற்றுப் பத்தைக் கழற்றி நூற்றுப் பதினைந்து.
வெளுப்பு.
மறுபடி கார்புரேட்டரைத் திறந்து,
திருகு ஒன்று தரையில் உருண்டு,
நான் குப்புறப் படுத்துத் தேடி,
அவள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லி,
எண்ணூறு மீட்டர் ஓட்டி, அணைத்து, கழற்றி,
நூற்றுப் பதினெட்டில்
பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு, கிளாமிஸ்.
கிழக்கு வெளுக்குமுன் அவள் மேட்டை நோக்கிப் போனாள்.
பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது.
உச்சியில் சிவப்பு விளக்கு ஒரு கணம் நின்று
அந்தப் பக்கம் விழுந்தது.
பிறகு சத்தமே இல்லை.

ஓடினேன்.
ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும் மணல்.
கவிழும் ஜாதி, கவிழும் ஜாதி என்று
நெஞ்சு அடித்துக்கொண்டது.
மேலே போய் நின்றபோது
எனக்குத்தான் புது மூக்கு தேவைப்பட்டது.

சரிவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி
கிளாம்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
குழாய்க்குள் முந்தைய நாளே கிரீஸ் தடவியிருந்தாளாம்,
தப்பிப் போகும் தூசி அதில் மாட்டும் என்று.
சுண்டுவிரலை உள்ளே விட்டு
ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
ஒரே ஒரு மணல்.

"நீ அடைச்சதுல மிச்சமா, இன்னிக்கு வந்ததா?" என்றேன்.
அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நன்றாக விடிந்துவிட்டது.
இருந்தாலும் நான் டார்ச் அடித்தேன்.