நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு

குளச்சலில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்:
"மீனா? மீனுக்கு லக்கேஜ் உண்டு."
மீன் இல்லை என்றேன்.
பெட்டிக்குப் பக்கமாய் மூக்கைக் கொண்டுபோனவர்
அடுத்த கேள்வி கேட்கவில்லை,
காசும் வாங்கவில்லை.
மணவாளக்குறிச்சி தாண்டும்வரை
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

பெட்டிக்குள் ஐஸ்.
ஐஸுக்குள் பதினாறு டப்பா.
நீல மூடி, எண், தேதி,
பிள்ளையின் வயது மாதக் கணக்கில்.
டப்பாவை நீட்டும்போது அம்மாமார் சிரித்தார்கள்:
"இதையா பிள்ளே கேக்குதிய?
கருவாடு இருக்கு, தரட்டா?"

அறுபத்து மூன்று மட்டும் சிரிக்கவில்லை.
வாணியக்குடி. சகாய ஜென்சி.
மடியில் ஜெர்வின்,
வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால்
எழுந்தபடியே நின்றது, இறங்க மறந்து.
அழுகை இருந்தது, கண்ணீர் இல்லை.
டப்பாவை மூடக்கூட இல்லை நான்,
ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்தேன்.
மாமியார் வாசலில் நின்று சொன்னது
ஆட்டோ சத்தத்துக்கு மேலே கேட்டது:
"பச்சப்பிள்ளைக்கு மரச்சீனியும் சாளையும்
குடுத்தாளாக்கும் மகராசி."

வயது: பதினொன்று.
அந்தக் கட்டத்தைப் பிறகு
யாரும் திருத்த வேண்டி வரவில்லை.

ஆசாரிப்பள்ளம் சோதனைக்கூடத்துக்கு
ரசாயனங்கள் வந்துசேர ஏழு மாதம்.
அதுவரை அறுபத்து மூன்று
மைனஸ் எண்பதில் கிடந்தது, இரண்டு மில்லி.
கரண்ட் போகும் இரவுகளில்
ஜெனரேட்டர் இருமத் தொடங்கும்வரை
வாட்ச்மேன் தங்கநாடாரோடு நானும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு வெள்ளி இரவு ஜெல்லில் ஓடவிட்டேன்.
காலையில் வெள்ளிக் கரைசலில் ஊறப்போட்டால்
முதலில் ஒன்றுமில்லை,
கழுவிய கண்ணாடி.
பிறகு மேலிருந்து, பழுப்பாய்,
நான்கு கோடு.
இடைவெளி. இரண்டு.
ஒட்டிப் பிறந்ததுபோல் மூன்று.
அடியில், தனியே, இரண்டு.

ரோட்டா.
சக்கரம் என்று பொருளாம்,
பெரிய நுண்ணோக்கியில் ஆரக்கால்கூடத் தெரியும்.
வகையும் பார்த்தேன். ஜி ஒன்று, பி எட்டு.
யாரோ குடியிருக்கும் வீட்டின் கதவிலக்கம் மாதிரி.

நூற்று நாற்பது பிள்ளைகளில்
முப்பத்தொன்பதுக்கு ரோட்டா,
பதினேழுக்கு நோரோ,
ஆறுக்கு நட்சத்திரம்போல் ஒன்று.
மீதிப் பிள்ளைகளுக்கு என்ன வந்ததென்று
எங்கள் பட்டியலில் பெயரே இல்லை.
அட்டவணையில் மரச்சீனிக்குக் கட்டம் கிடையாது.

ஞாயிறு, பூசை முடிந்த நேரம்,
பெட்டி இல்லாமல் போனேன்.
விதிப்படி போகக்கூடாது.
குழாயில் நூலாய் இறங்கும் தண்ணீரில்
சருவம் கழுவிக்கொண்டிருந்தாள் ஜென்சி.
"மரச்சீனி இல்ல" என்றேன்.
"சாளையும் இல்ல."
கழுவுவதை நிறுத்தாமலே கேட்டாள்:
"பின்னே எதுலயாக்கும் வந்தது?"

தண்ணீரில் வரும்.
கரண்டிக் காம்பில், கதவுக் கொண்டியில் வரும்.
கொஞ்ச வந்தவர் விரலில்,
துணி மாற்றியவர் நகத்தில்.
யார் கை என்று
பதினொரு கோடும் சொல்வதில்லை.
"யாருக்கும் வரும்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள்.
ஈரம் சொட்டும் தன் இரண்டு கைகளையும்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான் கடல் பக்கம் பார்த்தேன்.

"எழுதித் தருவியளா?
தமிழ்ல. மரச்சீனி இல்லண்ணு.
சீல் வச்சு."

சீல் என்னிடம் இல்லை.
பையில் மிஞ்சியிருந்த லேபிள் தாளைத் திருப்பி
முட்டியில் வைத்து எழுதினேன்.
பெயர் வரவேண்டிய இடத்தில்
பழக்கதோஷத்தில் 63 என்று போட்டு
அடித்துவிட்டு
ஜெர்வின் என்று எழுதினேன்.