பதிவு செய்த கைப்பேசி எண்

மஸ்கட்டில் எனக்கு இரண்டு நம்பர்.
வங்கிக்கு மட்டும் நான்
இண்டூரில், தம்பி வீட்டு பீரோவில்,
கவரிங் செட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒரு பட்டன் போனுக்குள் இருக்கிறேன்.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில்
"இதை மட்டும் செத்துப்போக விட்டுடாத" என்று
தம்பி பொண்டாட்டி கையில் திணித்தது.
ஒன்பது வருஷம்.
ரியால் ரூபாயாகி இறங்கும்போதெல்லாம்
டிங் என்ற சத்தம்
முதலில் கேட்பது அமுதவல்லிக்கு.
சம்பளம் என்றைக்கு வந்தது,
எல்.ஐ.சி. என்றைக்குப் போனது,
வட்டியில் முப்பது சதவீதம் எப்படி வரியாய்க் கரைந்தது,
மாமியார் ஆபரேஷன் முடிந்த வாரம்
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது,
எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லாத கணக்கு.

பிறகு கிணற்றோரம் இருபத்தேழு சென்ட்.
மரவள்ளி போட்ட இடம்.
வக்கீல் நோட்டீஸ் மஸ்கட்டுக்கே வந்தது.
"என் கட்சிக்காரர் மாதேஷ்" என்று
என் தம்பியை எனக்கு யாரோ அறிமுகம் செய்திருந்தார்.

அதற்கப்புறம் பேச்சில்லை.
ஓ.டி.பி. மட்டும் உண்டு.
நான் கூப்பிடுவேன். எடுப்பாள்.
"நாலு. ஏழு. ஏழு. சைபர். ரெண்டு. அஞ்சு."
திருப்பிச் சொல்வேன்.
"ம்."
வைத்துவிடுவோம்.
நல்லாயிருக்கியா என்று கேட்க வேண்டிய இடத்தில்
பத்து நிமிஷக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தடவை நாலு நாள் லீவு.
ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.
தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ்,
மறுநாள் பத்தேகாலுக்கு வங்கி.
கே.ஒய்.சி., பாஸ்போர்ட் நகல், விசா நகல்,
ஒட்டாத பசை.
பழைய கையெழுத்தில் இருந்த சுழி
இப்போது கைக்கு வரவில்லை.
மூன்று முறை போட்டேன்,
மூன்றும் மூன்று பேர்.
கடைசியாக, நான் வந்ததே எதற்கோ
அந்தப் படிவம்:
பதிவு செய்த எண்ணை மாற்ற.

"பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. போகும் மேடம்,
அதைச் சொன்னாத்தான் அந்த நம்பரை எடுக்க முடியும்."

அவளை நீக்க
அவளிடமே கேட்க வேண்டும்.

வாசலுக்கு வந்து கூப்பிட்டேன்,
மஸ்கட்டிலிருந்து பேசுகிற குரலில்.
"ஒண்ணு. எட்டு. எட்டு. மூணு. ஆறு."
அங்கே நின்றுவிட்டாள்.
என் முதுகுக்குப் பின்னால் கண்டக்டர்
இண்டூர் பென்னாகரம் ஒகேனக்கல் என்று
தொண்டை கிழியக் கூவினார்.

மெசேஜை முழுசாய் வாசிக்கிறாள்,
பத்தாம் வகுப்பு இங்கிலீஷில், எழுத்துக்கூட்டி.
நம்பர். சேஞ்ச். ரிக்வெஸ்ட்.
கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து கவுண்டர் பெண்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

"கடைசி ஒம்பது" என்றாள்.
"அப்ப இனிமே இந்த சிம்முக்கு
நான் காசு போட வேணாம், இல்லையா அண்ணி?"

காசு.
நான்தான் போடுவதாக நினைத்திருந்தேன்.
இல்லை, நினைத்ததுகூட இல்லை.
இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை
மூச்சை நிறுத்தப் பார்க்கிற நம்பர்.
ஒன்பது வருஷத்தில் எத்தனை இருபத்தெட்டு?
நோட்டீஸ் அனுப்பிய மாதமும் போட்டிருக்கிறாள்.
பால் சொசைட்டிக் காசாக இருக்கும்.
கையில் என் ஸ்டேட்மென்ட், பதினாலு பக்கம்.
இந்த வரி எதிலும் இல்லை.

"மாற இருபத்துநாலு மணி நேரம் ஆகும் மேடம்.
அதுவரைக்கும் மெசேஜ் பழைய நம்பருக்குத்தான்."

பக்கத்து ஏ.டி.எம்.மில் ஐந்நூறு எடுத்தேன்.
ஐந்நூறுக்கு எனக்கொரு வேலையும் இல்லை.
தருமபுரி பஸ் ஸ்டாண்ட் என்று
இடத்தின் பேரோடு போகும் அந்தச் செய்தி.
கொஞ்ச நேரம் நின்றேன்.
வரிசையில் யாரோ செருமினார்கள்.
கார்டை மறுபடி செருகி
இன்னொரு ஐந்நூறு.