ஒண்ணும் ஆகலீங்க

ஆடி இரவு, இரண்டே கால்.
பூளவாடிக்குக் கிழக்கே
காய்ந்த தென்னை மட்டையொன்று
கம்பி மேல் விழுந்தது.

மின்னழுத்தம் நூறிலிருந்து பதினெட்டுக்குச் சரிந்தது.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அது தெரியாது,
அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

பழைய வழக்கப்படி
இந்நேரம் அறுபத்தொரு காத்தாடிகளும்
கையை உதறிவிட்டு ஓடியிருக்கும்:
"எம் பெட்டி வெந்து போயிரும், சாமி!"
ஒன்று ஓட, அதைப் பார்த்து இன்னொன்று ஓட,
மட்டை செய்த சேதத்தைவிட
ஓட்டம் செய்த சேதம் பெரிதாகும்.

இப்போது நின்றன.
இறக்கை லேசாய்த் திரும்பிக் காற்றை நழுவவிட,
மிஞ்சிய விசையை மின்தடைகள் சூடாக விழுங்க,
தளர்ந்த கம்பிக்கே முட்டுக் கொடுத்தபடி.
ரிலே மட்டை விழுந்த வழியை வெட்டியது.
கால் நொடி.
துளசிமணி தூக்கிய டீ டம்ளர்
இன்னும் உதட்டைத் தொடவில்லை.

பதினாலாம் நம்பர் மட்டும் விலகிக்கொண்டது.
பழசு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருடையது.
கன்வர்ட்டர் மாற்றக் காசில்லை என்று
மூன்று வருடமாய்ச் சொல்கிறார்.
அவர் நிட்டிங் மெஷினில் அந்நேரம்
ஓர் ஊசிகூடக் கண்ணி விடவில்லை,
மற்ற அறுபதின் தயவில்.

போன் அடித்தது.
"என்னாச்சுங்க?"
"ஒண்ணும் ஆகலீங்க" என்றவள்
பதினாலுக்கு நேரே
பேனாவால் ஒரு சுழி போட்டாள்.
டீ ஆறியிருந்தது.