நாலாவது நெடுவரிசை

ஞாயிறு இரவு பதினொன்றே கால்.
எபென் கோபுரங்களில் விளக்கெரிவது
எங்கள் ஏழாம் மாடியில் மட்டும்.
வெளியே இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை.
உள்ளே எந்த வகுப்பு என்று
விடிவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

யாரோ எங்கோ விற்ற மூட்டை.
அவிழ்த்துக் கொட்டினால்
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு வரிகள்.

முதலில் கழித்தல்.
இரட்டித்தவை,
எங்களிடம் கணக்கே இல்லாதவர்கள்,
வாரிசு வந்து கையெழுத்திட்டு மூடியவை.
மிச்சம் அறுநூற்று நாற்பது.
இதில் இன்றைக்கும் கதவு திறப்பவை எத்தனை?
சாவியைப் பூட்டில் நுழைக்காமல்
பல்லை மட்டும் ஒத்துப் பார்க்கிற வேலை.
பார்த்தேன்.
இருநூற்று மூன்று.

கடவுச்சொல்லைப் படிக்கக் கூடாது என்பது விதி.
கண்ணுக்கு விதி தெரியாது.
படகின் பெயர், நாயின் பெயர்,
மகள் பிறந்த தேதி,
கரும்பாலை மூடிய வருடம்,
ஒரு பந்தயக் குதிரை
(அது ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை).
அப்புறம் சாமிகள்.
எத்தனை முருகன்கள்!
பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் முருகன்,
அகரம் வர வேண்டிய இடத்தில்
@ சுருட்டிக்கொண்ட முருகன்,
வாலில் ஒன்று இரண்டு மூன்று கட்டிய முருகன்.

பேசினால் கிரியோலில் பேசுகிறவர்கள்,
கோவில் பலகையைப் படிக்கத் திணறுகிறவர்கள்,
பணம் வைத்த இடத்தில் மட்டும்
தமிழை ஒளித்திருக்கிறார்கள்,
யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று.
இயந்திரத்துக்கு நாலு விநாடி போதும்.
கடவுளுக்கும் கடவுச்சொல்லுக்கும்
முதல் மூன்று எழுத்து ஒன்று.
மற்றபடி உறவில்லை.

ஒன்றரை மணிக்கு மழை கண்ணாடியை அறைந்தது.
அப்போதுதான் ஒரு வரியில் கை நின்றது.
இது வாடிக்கையாளர் இல்லை.
கருவூலப் பிரிவு.
இருபது லட்சம் ரூபாயை
ஒரே சொடுக்கில் அனுப்பிவைக்கிற விரல்.
முசியே தயாலன் கனபாடி.
வீட்டுக் கணினியில் பையன் இறக்கிய
ஓசி விளையாட்டு, அதன் வயிற்றுக்குள் திருடன்.
பன்னிரண்டு எழுத்து. அதில் ஒரு பெயர்.
அவர் மனைவி பெயர் எனக்குத் தெரியும்.
அது இல்லை.

கணக்கை முடக்கினேன். பிறகு அழைத்தேன்.
நாலாவது மணியில் எடுத்தார்.
சொன்னேன்.
பணம் போயிற்றா என்று கேட்கவில்லை,
எவன் என்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் அவர் பக்கத்துக் காற்று மட்டும் பேசியது.
‘நீங்கள் பார்த்தீர்களா?’
‘இல்லை முசியே,
எங்களுக்கு வெறும் புள்ளிகள்தான் தெரியும்.’
பதினோரு வருட உத்தியோகத்தில்
இவ்வளவு சரளமாய் நான் பொய் சொன்னதில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
வாடிக்கையாளர் இருநூற்று இரண்டு, ஊழியர் ஒருவர்.
பண இழப்பு இதுவரை தென்படவில்லை.
இரண்டாம் சரிபார்ப்பு இன்றே கட்டாயம்.
அப்புறம் நாலாவது நெடுவரிசையை
மேலிருந்து கீழ்வரை தேர்ந்து அழித்தேன்,
படகு, நாய், குதிரை, முருகன்கள்
எல்லோரோடும் அந்தப் பெயரும்.
அழித்ததற்குக் காரணம் கேட்ட கட்டத்தில்
‘தேவையில்லை’ என்று போட்டேன்.

காலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.
காபி வாங்கிக்கொண்டு ஏறுகிறேன்,
லிஃப்டில் அவர், சொட்டுகிற குடையோடு.
வணக்கம் வைத்தோம்.
நான் எண்களைப் பார்த்தேன்.
அவரும் எண்களைப் பார்த்தார்.
மூன்று. நாலு. ஐந்து.
எங்கள் நடுவே நின்றிருந்தது அந்தப் பெயர்,
எந்த மாடியிலும் இறங்காமல்.