நான்கு மணி நேரச் சொல்

பழுது நீக்கும் பிரிவில் எனக்கு வேலை
காதால் பார்ப்பது.
கிரிம்ஸ்பி நகரின் வாடகைக் கூரைகள் எல்லாம்
என் ஹெட்செட்டுக்குள்தான் நனைகின்றன.

திரையில் நான்கு கட்டங்கள்.
கசிகிறது என்றால் இருபத்தெட்டு நாள்.
சொட்டுகிறது, ஏழு நாள்.
ஒழுகுகிறது, மறுநாள்.
கொட்டுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால்
நான்கு மணி நேரத்தில் ஆள் வாசலில் நிற்க வேண்டும்.
குடியிருப்பவர் வாயில் எந்தச் சொல் வருகிறதோ
அந்தக் கட்டத்தில் டிக்.
நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.
பயிற்சியின் முதல் நாளே
இரண்டு முறை சொன்னார்கள்.

லமாரா கெலாஷ்விலி. இரண்டாம் மாடி.
மீன் பொதியும் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
“என் கூரையில் தண்ணீர் இருக்கிறது” என்றார்.
எப்படி இருக்கிறது, என்று கேட்டேன்.
“மிகவும் நன்றாக இருக்கிறது, நன்றி.
நீங்கள் எப்படி?”

பிறகு தாள் புரளும் ஓசை.
“மன்னியுங்கள், நான் இன்டர்மீடியட்” என்றார்,
ரத்த வகையைச் சொல்வதுபோல.

சுற்றுச்சூழல் தெரியும் அவருக்கு.
ஜனநாயகம் தெரியும்.
பொதுப் போக்குவரத்தின் நன்மை தீமை பற்றி
நூற்றைம்பது வார்த்தையில்
கட்டுரை எழுதி பாஸ் ஆகியிருக்கிறார்.
தாழ்ப்பாள் தெரியாது.
வாஷர் தெரியாது.
வாளி தெரியும்,
முந்தாநாள் விலைச்சீட்டில் படித்ததால்.
புரட்டிப் புரட்டி ஒரு சொல்லைப் பிடித்தார்:
லீக்.
இருபத்தெட்டு நாள் என்றேன்.
நன்றி என்றார், அதையும் முழுதாக உச்சரித்து.

பதினொன்றாம் நாள் மறுபடி அவர் குரல்.
செவ்வாய் வகுப்பில் ‘கிவ்’ நடந்ததாம்.
கிவ் அப், கிவ் இன், கிவ் அவுட் என்று
பலகை நிறைய வால்கள்.
“ஒருவன் கைவிடுகிறான், ஒருவன் பணிந்துபோகிறான்,
ஒருவனுக்கு எல்லாம் தீர்ந்துபோகிறது.
யாரும் எதையும் கொடுக்கவே இல்லையே,
பிறகு எதற்கு அந்தச் சொல்?”
நாற்பத்து நான்கு வருடமாக
இந்த மொழியில்தான் சாப்பிடுகிறேன், திட்டுகிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை.
தண்ணீர் எப்படி வருகிறது மேடம், என்றேன்.

ஃபோனை வாளிக்குமேல் பிடித்தார்.
டக்.
டக்.
“இதற்குப் பெயர் என்ன?”

எனக்குத் தெரியும்.
ஒரே அசை. பல்லுக்குப் பின்னால் நின்றது.
உரையாடல் பதிவாகிக்கொண்டிருந்தது.
உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள், என்றேன்.
சொன்னார். “ட்ஸ்வெதாவ்ஸ்.”
ஜார்ஜிய மொழி.
அந்தச் சொல்லிலேயே ஒரு துளி
விளிம்பில் திரண்டு விழுந்தது.
என் திரையில்
அதற்குக் கட்டம் இல்லை.

அன்று மதியம் சாண்ட்விச்சை
பாதியில் வைத்துவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது அழைப்பு, காலை ஆறு பத்து.
ஷிஃப்ட் முடிந்து கதவைத் திறந்திருக்கிறார்.
இந்த முறை தாள் புரளவில்லை.
“என் படுக்கையறைக் கூரை கொலாப்ஸ் ஆகிவிட்டது.”
காலம் பிசகவில்லை, விகுதி பிசகவில்லை.

கட்டங்களுக்கு வெளியே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு.
அழுத்திவிட்டு, விதியை மறந்து கேட்டேன்:
எங்கே படித்தீர்கள் அந்தச் சொல்லை?

“ஒன்பதாம் பாடம். சோவியத் யூனியன்.
கோடிட்ட இடத்தை நிரப்புக.
வகுப்பில் எல்லோரும் அகராதி பார்த்தார்கள்.
நான் பார்க்கவில்லை.
அது விழுந்தபோது எனக்குப் பதினாறு வயது,
குத்தாயிசியில் ரொட்டி வரிசையில் நின்றேன்.”

வேன் கிளம்பிவிட்டது.
படிவம் போய்விட்டது.
இனி எடுத்துக் கொடுத்தால் குற்றமில்லை.

“தலைமுடியெல்லாம் வெள்ளையாக, மாவுபோல.
சுவரிலும் கூரையிலும் பூசுவார்களே,
அதற்கு என்ன பெயர்?”

பிளாஸ்டர், என்றேன்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
பேனா கீறுவது கேட்டது.

“காயத்துக்கு ஒட்டுவதும்
அதுதானே?”

அதேதான், என்றேன்.
அதே சொல்தான்.