தலைப்பு இல்லாதவை

பதினோராயிரத்து நானூற்றுப் பதினாறு
படிக்காத கடிதங்கள் என்றது இன்பாக்ஸ்.
கருங்கல் அண்டியாபீசின் மாடியறையில்
நானும் ஒரு மின்விசிறியும்
ஆறு வருடமாக அந்த எண்ணைப் பார்க்காததுபோல
சுற்றிக்கொண்டிருந்தோம்.

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம்,
தூத்துக்குடியில் கண்டெய்னர் மாட்டிக்கொண்டு
லோடு ஏறாத ஒரு மத்தியானம்
உட்கார்ந்து ரூல் எழுதினேன்.

எனக்கு வெறும் நகலாக வந்தால்
'வேடிக்கை' ஃபோல்டருக்குப் போ.
தலைப்பில் 'அவசரம்' இருந்தால்
'ஆறட்டும்' ஃபோல்டருக்குப் போ.
(மேலாளர் டென்னிஸ்தாஸ் எழுதுவது எல்லாம்
அங்கேதான் போய் விழுந்தது.
மூன்று மணிக்குத் திறந்தால்
பாதி தானாகவே முடிந்திருந்தது.)
நான் அனுப்புகிற எதுவும்
ஒரு நிமிடம் அவுட்பாக்ஸில் நின்றுவிட்டுப் போ.
அந்த ஒரு நிமிடத்தில்
"உங்களுக்குக் கண்ணில்லையா" என்பதை
"இணைப்பைப் பார்க்கவும்" ஆக்கியிருக்கிறேன்,
ஒரே ஆளுக்கு இரண்டு தடவை.

கடைசியாக ஒன்று.
தலைப்பே இல்லாமல் வந்தால்,
தலைப்பு எழுதச் சோம்பல்படுகிறவருக்கு
என்னிடம் என்ன வேலை,
'குப்பைக்கு முந்தி.'

சாயங்காலம் இன்பாக்ஸில் ஏழே ஏழு.
திங்கள்நகர் பஸ்சில்
யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
பக்கத்து இருக்கையில்
சாக்குக்குள் ஒரு சக்கைப்பழம் உட்கார்ந்திருந்தது.
அதனிடம் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று.
அப்புறம் தல்லுப் பிரிவு மேஸ்திரி ஜெப்சி
மேலேறி வந்தாள்.
"அவ சாறுக்கு மெயிலு போட்டாளாம்.
பதிலே இல்லன்னு சொல்லுதா."
யார் என்று கேட்டேன். கையை நீட்டி
என் பட்டியலில் ஒரு வரியைத் தொட்டாள்.

தேடினேன்: ரோஸ்லின்.
முடிவுகள் இல்லை.
"ரோஸ்லின் இல்ல, றோஸ்லெட்டு."
ரோஸ்லெட்.
முடிவுகள் இல்லை.
ஜெப்சி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"பெரிய ற, சாறே."

வந்தது.
ஜூன் நான்கு, இரவு பத்து நாற்பது.
அனுப்புநர் றோஸ்லெட் றசலையன்.
தலைப்பு இல்லை.

"சாறே பிஎஃப்ல எனக்க பேரு ரோஸ்லின்னு கெடக்கு
ஆதார்ல றோஸ்லெட்
பைசா எடுக்க விடமாட்டேங்கு
மூத்தவளுக்கு நர்சிங் பீசு கெட்டணும்
பதினெட்டாம் தேதிக்க முன்ன
எனக்க கையி அண்டி எண்ணெயில பொள்ளிக் கெடக்கு
மவன் அடிக்கான் தப்பிருந்தா பொறுக்கணும்"

ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை.
இன்று இருபத்தாறு.

வந்த நொடியிலேயே
சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறது.
நான் எழுதியதில்
பிழையில்லாமல் வேலை செய்த ஒரே வாக்கியம்
அந்த ரூல்தான்.

பதில் எழுதினேன். மன்னிக்கவும் என்றேன்,
அதற்குமேல் வரவில்லை.
அதன் கீழே தானாக வந்து அமர்ந்தது
என் பெயர், என் பதவி,
இரண்டு தொலைபேசி எண்கள்,
அச்சிடும் முன் மரங்களை நினையுங்கள்.
அனுப்பு என்று அமுக்கினேன்.
அவுட்பாக்ஸில் போய் நின்றது.
ஒரு நிமிடம்.

கீழே கூடத்தில் கொட்டை உடைகிற சத்தம்
மாடிக்கு எப்போதும் கேட்பதுதான்.
பதினான்கு படிகள்.
நாற்பதாம் நொடியில்
பெயர் திருத்தும் படிவத்தோடு
அங்கே நின்றுகொண்டிருந்தேன்,
சாம்பல் பூசிய இருநூறு கைகளில்
எவை றோஸ்லெட்டுடையவை என்று
தெரியாமல்.