எழுத்து வெளியே தெரியட்டும்

கொட்டகலையில் ரயில் கேட்டுக்குப் பக்கத்து மாடி.
ஏழு மிஷின். ஒன்றில் எப்போதும் நூல் அறும்.
காலையில் கழுவிக் கொடியில் போட்ட உரப் பைகள்
இந்தப் பனியில் மத்தியானம் வரை காய்வதில்லை.
ஈரத்தோடு தைத்தால் ஊசி முனகும்.

வெட்டுவது ஜெசிந்தா. கைப்பிடி தைப்பது நான்.
உள்துணிக்குப் பழைய படங்கு,
மலையில் யார் இடுப்பிலோ கிடந்தது,
கொழுந்துக் கறை போகவில்லை.
‘போக வேண்டாம்,’ என்கிறான் டிலுக்சன்,
‘கறைக்கும் சேர்த்துத்தான் காசு.’

நேற்றுத் தைத்த பன்னிரண்டும் திரும்பி வந்தன.
யூரியா என்ற எழுத்தை உள்ளே மடித்துவிட்டேனாம்.
‘வெளியே தெரியட்டும் அக்கா,
அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.’

பிரித்தேன்.
ஆறாம் ஆண்டில் என்னிடம் இருந்ததும் இதுதான்.
இதே பச்சை எழுத்து, ஐம்பது கிலோ,
கொக்கி போடாதீர்.
உள்ளே கணக்குக் கொப்பி, ஒரு ரொட்டி.
பள்ளிக்கூட வளைவு வருமுன்
பையை உள்வெளியாகத் திருப்பிக்கொள்வேன்.
தூள் படிந்த பக்கம் சட்டையில் உரசும்,
தோள் அரிக்கும்.
அரிக்கட்டும்.

இன்று விலைச்சீட்டில்
மலையில் எனக்கு இரண்டு நாள் சம்பளம்.
பக்கத்தில் சின்னதாய்ப் பச்சை அம்புகள்,
ஒன்றின் வாலை ஒன்று துரத்துகின்றன.

எனக்கும் ஒன்று கொண்டு வாங்கம்மா என்றாள் மகள்.
வெட்டி விழுந்த துண்டுகளைச் சேர்த்தேன்,
மிஷின் சும்மா இருந்த நேரத்தில்,
இருபுறமும் மூட்டுத் தெரியாமல்.
எந்தப் பக்கம் வெளியே என்பதை
அவள் பார்த்துக்கொள்வாள்.